பொன்னுதாஸின் கிட்னியும் புளிஞ்சிச் சாறும்

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஒரு விசேஷம் நடக்கிறதென்றால், பந்தல் போடுவதற்கு முன்பே பொன்னுதாஸ் வந்துவிடுவார். கோயில் உற்சவமோ, சபைக் கன்வென்ஷனோ, கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் மைக் செட் அவருடையதுதான். தென்னையின் உச்சியில் ஹாரனைக் கட்டி, ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்ததும், மைக்கைத் தட்டிப் பார்த்து "ஹலோ" என்று ஒரு சொல் சொல்லுவார். அந்த ஒரு சொல்லில் காக்கை பறக்கும், குழந்தை விழிக்கும், கலியாண வீட்டுக்காரருக்குத் தம் வீட்டில் கலியாணம் என்பது உறைக்கும். முதலில் மலையாளத்தில் ஒரு தடவை அறிவிப்பார், பிறகு தமிழில் ஒரு தடவை. இரண்டிலும் அவர் செய்யும் தப்புகள் வேறுவேறானவை என்று ஊரில் ஒரு கட்சி உண்டு.

இருபது வயதிலிருந்து ஹாரனுக்கு அடியிலேயே கிடந்தவர், காது கொஞ்சம் மந்தம். ஆகையால் சாதாரணமாகப் பேசுவதே பிரசங்கம் மாதிரி இருக்கும். வீட்டில் உப்புக் கேட்டால் அடுத்த வீட்டுக் கார்த்தியாயினி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். மனைவி லீலாபாய் இதற்காக அவரைத் திட்டாத நாளில்லை. இதற்காக மட்டுமல்ல, செருப்பை வாசலில் குறுக்கே விட்டதற்கும், ஜீப்பின் கிரீஸைத் தலையணையில் துடைத்ததற்கும், ஜெபத்தில் குறட்டை விட்டதற்கும் திட்டுவாள். திட்டு என்றால் வாயில் வந்ததைக் கொட்டுவதல்ல. ஆரம்பம், நடு, முடிவு என்று ஒழுங்காகப் போகும். ஒரே மகள் ஷீஜாவைக் காட்டாக்கடையில் கட்டிக்கொடுத்துவிட்ட பிறகு, அவளுக்குச் சேரவேண்டிய பங்கும் பொன்னுதாஸுக்கே வந்து சேர்ந்தது. அவருக்கு அதில் வருத்தமொன்றும் இல்லை. மந்தமான காதிலும் தெளிவாக விழும் குரல் அது ஒன்றுதான்.

கொலஸ்ட்ரால் என்ற சொல் அந்த வருஷங்களில்தான் எங்கள் பக்கத்துச் சோற்று மேசைக்கு வந்து உட்கார்ந்தது. அதற்கு முன்னும் ஆட்கள் தேங்காய் தின்றார்கள், மாட்டிறைச்சி தின்றார்கள், வயது வந்ததும் செத்தார்கள். பெயர் தெரியாமல் செத்தார்கள், அவ்வளவுதான். வாசகசாலை இளைஞர்கள் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். அதற்கும் மைக் செட் பொன்னுதாஸுடையதுதான். "எல்லாவரும் வந்து ரத்தம் குடுக்கணும்" என்று நாள் முழுக்கக் கூவிவிட்டு, சாயங்காலம் பொழுதுபோகாமல் தன் கையையும் நீட்டினார். ஊரிலேயே பெரிய கொலஸ்ட்ரால் அவருக்குத்தான் இருந்தது.

இந்தச் செய்தியை மைக்கில் சொல்லாமல் விட்டிருக்கலாம். மனிதர் சொன்னார்.

மறுநாள் காலை கார்த்தியாயினி வேலிக்கு மேலே தலையை நீட்டி வைத்தியம் சொன்னாள். "லீலே, புளிஞ்சிக்காய்ச் சாறு குடுத்துப் பாரு. வெறும் வயித்துல. எனக்க நாத்தூனுக்கு இறங்கினது அதுலதானாக்கும்."

புளிஞ்சிக்காய் எங்கள் பக்கத்தில் மீன் குழம்புக்குப் போடுவது. மரத்தின் தண்டிலேயே கொத்துக்கொத்தாக, விரல் நீளத்துக்குப் பச்சையாகத் தொங்கும். ஒன்றைக் கடித்தால் போதும், ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். லீலாபாயின் அடுக்களைப் புறத்தில் ஒரு மரம் நின்றது. காய்க்கிற காலத்தில் தண்டு தெரியாது. மீனுக்கு நாலைந்து காய் போனால் பாக்கியெல்லாம் விழுந்து அழுகும். கடவுள் சும்மா வைத்திருப்பாரா, இதற்குத்தான் வைத்திருக்கிறார் என்று லீலாபாய் முடிவு செய்தாள்.

மறுநாளிலிருந்து விடியும்போதே எழுந்து காய் பறிப்பாள். கழுவி, இடித்து, மெல்லிய துணியில் பிழிந்து, பெரிய கண்ணாடி கிளாஸ் நிறைய எடுத்துக்கொண்டு வருவாள். உப்புப் போடமாட்டாள், சர்க்கரை போடமாட்டாள். போட்டால் குணம் போய்விடும் என்று கார்த்தியாயினி சொல்லியிருந்தாள். கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்பில் தோசையைத் திருப்பப் போவாள். திரும்பி வரும்போது கிளாஸ் காலியாக இருக்கும்.

"குடிச்சியளா?"

"குடிச்சாச்சு, குடிச்சாச்சு" என்பார் பொன்னுதாஸ். முகம் பிழிந்த காயைப்போல இருக்கும்.

சில மாதம் இப்படிப் போயிற்று. மறுபடி ரத்தம் பார்த்தபோது கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கியிருந்தது. லீலாபாய்க்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. சபையில் நாலு பெண்களுக்கு வைத்தியம் சொன்னாள். தன் பங்குக்குப் பொன்னுதாஸும் மைக்கில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்தார்.

பெருங்கடவிளையில் ஒரு கன்வென்ஷன். மூன்றாம் நாள் கூட்டம் தொடங்கும் முன் பொன்னுதாஸ் மைக்கைப் பிடித்து, "அன்பானவர்களே" என்றார். அடுத்த சொல்லுக்குப் பதிலாக ஒரு விக்கல் வந்தது. விக்கலென்றால் சாதாரண விக்கலில்லை. தென்னையுச்சியில் இருந்த ஹாரன் வழியாக வந்த விக்கல். ஜனம் சிரித்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி "அன்பானவர்களே" என்றார். மறுபடி விக்கல். உபதேசியார் மைக்கை வாங்கிக்கொண்டு, இடையூறு செய்யும் ஆவிக்கு எதிராக ஜெபித்தார். ஆவி அசையவில்லை.

ஜீப் ஓட்டுகிறவனும் ஹாரன் கட்டுகிறவனுமான சோமன்தான் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தான். பதினைந்து வருஷம் கூட இருக்கிறவன். "அண்ணே, கண்ணுக்கு அடியில வீங்கியிருக்கே. மூத்திரம் ஒழுங்கா போவுதா?"

"ரெண்டு நாளா அவ்வளவா போவல்ல" என்றார் பொன்னுதாஸ். மைக் அணைத்திருந்தது, ஆனாலும் முதல் வரிசை முழுக்கக் கேட்டது.

சோமன் அவரை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு நேரே காரக்கோணம் ஆசுபத்திரிக்கு விட்டான். அங்கே ரத்தத்தைப் பார்த்த டாக்டர், உட்காரக்கூட விடாமல் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவைத்தார். இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டன என்றார்கள். விக்கல் வயிற்றிலிருந்து வந்ததல்ல, ரத்தத்தில் தேங்கிய அழுக்கால் வந்தது.

திருவனந்தபுரத்து வார்டில் அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர் பெயர் ஆதிரா. நெய்யாற்றின்கரைக்காரி, சின்ன வயது. கிட்னியைப் பற்றிப் பேசும்போது, புதிதாகக் கலியாணமானவள் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல முகம் மலரும். முதலில் ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்தார்கள். பொன்னுதாஸ் தன் ரத்தம் குழாயில் ஓடுவதைப் பார்த்து, "இதுக்க மோட்டார் எத்தர வாட்?" என்று கேட்டார். பிறகு ஊசி விட்டு, கிட்னியிலிருந்து நூலிழை அளவுக்குச் சதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள்.

பார்த்துவிட்டு ஆதிரா கட்டிலருகே வந்து நின்றாள். லீலாபாய் பக்கத்தில் ஃபிளாஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, கிட்னிக் குழாய்க்குள்ள கண்ணாடிச் சில்லு மாதிரி பரல் பரலா அடைஞ்சு கெடக்கு. ஆக்சலேட்டுன்னு ஒரு உப்பு. இவ்வளவு உப்பு சும்மா வராது. நாட்டு மருந்து ஏதாவது குடிச்சியளா?"

"இல்ல டாக்டரே. கள்ளு கூட எப்பளாவதுதான்."

"கீரை, கிழங்கு ஏதாவது தினமும்?"

"அதொண்ணும் இல்ல."

டாக்டர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கும்போது தன் கணவரின் ஆரோக்கியத்துக்குத் தான் பட்ட பாடு வெளியே வராமல் போகிறதே என்று லீலாபாய்க்கு இருந்திருக்க வேண்டும். ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள்.

"டாக்டரே, தப்பா ஒண்ணும் தின்ன நான் விடமாட்டேன். வெளுப்பாங்காலத்துல எந்திச்சு எனக்க கையால புளிஞ்சிக்காய் பிழிஞ்சு, ஒரு கிளாஸ் நெறைய குடுப்பேன். வெறும் வயித்துல. இத்தர மாசமா ஒரு நாளுகூட முடக்கினது இல்ல."

ஆதிரா திட்டாமல், மெல்லத்தான் சொன்னாள். அந்தப் புளிப்பு முழுவதும் ஆக்சலேட்டு. குழம்பில் நாலு காய் போட்டால் ஒன்றும் ஆகாது. கிளாஸ் கிளாஸாகச் சாறு குடித்தால் அது கிட்னியில் போய்ப் பரலாகக் கட்டும். புத்தகத்தில் இந்தக் காயின் பெயர் இல்லை, ஆனால் இதே போன்ற புளிப்புகளைப் பற்றி இருக்கிறது. இனி ஒரு சொட்டு வேண்டாம்.

லீலாபாய் கையிலிருந்த துணியை மடித்தாள், மறுபடி விரித்தாள், மறுபடி மடித்தாள். "நானா?" என்று மட்டும் கேட்டாள்.

பொன்னுதாஸுக்கு அந்த நிமிஷத்தில்தான் நெஞ்சு இடித்தது. கிட்னிக்காக அல்ல. அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அந்தச் சாற்றை முழுக்க அவர் ஒரு நாளும் குடித்ததில்லை. லீலாபாய் தோசையைத் திருப்பப் போகும்போது பாதியை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார். மீதிப் பாதியை முன்னறை ஜன்னல் வழியாக வெளியே வீசுவார். முழுக்க வீசாததற்குக் காரணம், அவள் பிழிந்தது என்பதுதான். முழுக்கக் குடிக்காததற்குக் காரணம், அது மனிதன் குடிக்கிற சாதனம் அல்ல என்பது. இப்போது இதைச் சொல்லலாமா? ஒரு நாளும் முடக்கவில்லை என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை. நீ கொடுத்தது விஷம், அதையும் நான் உன்னை ஏமாற்றி வெளியே ஊற்றினேன் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்ட சந்தர்ப்பங்கள் வெகு சில, இது அவற்றில் ஒன்று.

இனி என்ன ஆகும் என்று கேட்டார். ஆதிரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இது அவளுக்குப் பிடித்த இடம் போலிருந்தது.

"பரல் குத்தி கிட்னிக்குள்ள எல்லா எடத்துலயும் புண்ணு. புண்ணான எடம் வீங்கும், சூடாவும். அப்போ அங்க உள்ள செல்லுகள் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். வளரு, புதுசா உண்டாவுன்னு. அந்தச் சேதிக்கு குரோத் ஃபேக்டர்னு பேரு. பல தினுசு உண்டு. ஒரு தினுசு, குழாய்க்க உள்தோல மறுபடி வளர வைக்கும். அது நமக்கு வேணும். வேற ஒரு தினுசு ஒட்டுப் போடச் சொல்லும். அதும் கொஞ்சம் வேணும்."

"கூடினா?"

"அதாக்கும் பயம். இந்த ஒட்டுப் போடுற சேதி இருக்கே, அதைக் கேட்ட செல்லு அதே சேதிய திரும்ப அனுப்பும். அதக் கேட்டு அடுத்ததும் அனுப்பும். புண்ணு ஆறின பொறவும் நிறுத்தாது. ஒட்டுமேல ஒட்டு. கடைசில கிட்னி இருந்த எடத்துல வெறும் வடு. வடுவுக்கு மூத்திரம் பிரிக்கத் தெரியாதே மாமா."

பொன்னுதாஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "டாக்டர் மோளே! இது மைக்கு கூவுறதாக்கும்!"

பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு விழித்தார். பொன்னுதாஸ் விளக்கினார். மைக்கை ஹாரனுக்கு முன்னால் வைத்துவிட்டால், ஹாரனிலிருந்து வரும் சத்தம் மைக்கில் போகும், அது பெரிதாகி ஹாரனில் வரும், அது மறுபடி மைக்கில் போகும், கடைசியில் பேச்சும் கேட்காது பாட்டும் கேட்காது, கூவல் மட்டும் நிற்கும். ஆதிரா சிரித்தாள். இரண்டு வருஷமாக ஜர்னல் ஜர்னலாகப் படித்துக்கொண்டிருப்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை என்றாள்.

"செரி, கூவினா நீங்க என்ன செய்வியோ?"

"மைக்க மாத்தி வைப்பேன். வால்யூமக் கொறைப்பேன்."

"அதத்தான் செய்யப் போறோம். சாறு நிறுத்தியாச்சு, அது மைக்க மாத்துறது. பிரஷர் கூடாம பாத்துக்கிடுவோம், அது வால்யூம். மிச்சம் அதுவா அடங்கணும். அந்தச் சேதிய மட்டும் பிடிச்சு நிறுத்த இப்போ மருந்து இல்ல. தேடிட்டிருக்கானுவோ."

அன்றிலிருந்து தினமும் அவள் வந்ததும் பொன்னுதாஸின் முதல் கேள்வி, "டாக்டரே, இன்னைக்கு கூவுதா?" என்பதுதான். அவள் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "சத்தம் கொறயேல்ல" என்பாள், அல்லது "லேசா கொறஞ்சிருக்கு" என்பாள். வார்டில் மற்ற நோயாளிகளும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டயத்திலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்கூட, கூவலை இங்கிலீஷாக்கி, "எனக்க கிட்னியில ஃபீட்பேக் உண்டோ டாக்டரே?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஊரில் புளிஞ்சிச் சாறு குடிக்கிறவர்களை நினைத்துப் பொன்னுதாஸ் சோமனைக் கூப்பிட்டார். "எலே, ஜீப்ப எடு. செட்ட வை. எல்லா முக்குலயும் நிறுத்திச் சொல்லு." சோமன் போய்ச் சொன்னான். அவனுக்கு அறிவிப்பு பழக்கமில்லை. உற்சவத்துக்கு எழுதி வைத்த பாணியில்தான் வந்தது. பக்தஜனங்கள் அனைவரும் புளிஞ்சிக்காய்ச் சாற்றை நிறுத்தி அருள்பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று இரண்டு மொழியிலும் சொன்னான். கார்த்தியாயினி அன்றைக்கே தன் நாத்தனாரைப் பார்க்க ஓடினாள். நாத்தூன் நல்லபடியாக இருந்தாள்; அவள் குடித்தது இரண்டே நாள், அதற்குமேல் முடியவில்லையாம்.

ஊர் இப்படித் தப்பித்தது. வார்டில்தான் காரியம் மோசமாகிக்கொண்டு போயிற்று. கிட்னியால் மட்டுமல்ல. லீலாபாய் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

முதல் நாள் பொன்னுதாஸ் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் கஞ்சியைப் போர்வையில் கொட்டினார். அவள் பேசாமல் துடைத்தாள். நர்ஸிடம் சத்தமாக ஜோக் அடித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செருப்பை வேண்டுமென்றே நடைபாதையில் குறுக்கே விட்டுப் பார்த்தார். அவள் எடுத்து ஓரமாக வைத்தாள். முகம் வாடி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவருக்குக் கொண்டுவரும் கஞ்சியை அவருக்கு ஊட்டுவாள், மிச்சத்தைக் கழுவிக் கொட்டுவாள். கேட்டால், வீட்டில் சாப்பிட்டேன் என்பாள். வீட்டில் அடுப்பே புகையவில்லை என்று சோமன் சொன்னான்.

"எட்டி லீலே, எனக்கு ஒண்ணும் இல்லட்டி."

"நான் பிழிஞ்சு குடுத்தேன்" என்பாள். "ஒரு கிளாஸ் நெறைய. எனக்க இந்தக் கையால." அவ்வளவுதான். அதற்குமேல் அவளிடமிருந்து பேச்சு வராது.

நடுவில் ஒரு வாரம், ரத்தத்தில் தேங்கிய அழுக்கைக் காட்டும் கிரியாட்டினின் என்கிற எண் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றது. ஆதிரா சீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். "கூவுதா?" என்று கேட்டதற்கு அன்று சரியான பதில் சொல்லவில்லை. இவ்வளவு மாதம் இவ்வளவு சாறு என்றால் வடு விழுந்திருக்கலாம், அப்படியானால் வாழ்நாள் முழுக்க மிஷின், இல்லையென்றால் வேறொருவர் கிட்னி கொடுக்க வேண்டும், அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்றாள். பொன்னுதாஸ் பயந்தார். மைக் இல்லாமல், ஹாரன் இல்லாமல், வாரத்துக்கு மூன்று நாள் குழாயில் கட்டிப்போட்டு இங்கேயே கிடப்பதா? அந்த எண்ணம் வந்த பகலில் அவர் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதார். அழுகையும் சத்தமாகத்தான் வந்தது.

லீலாபாய் மட்டும் பயந்ததாகத் தெரியவில்லை. அவள் மனதில் கணக்குப் போட்டு முடித்திருந்தாள். டாக்டர் போகும் வழியில் நின்று, "எனக்கதை எடுங்க" என்றாள். "நான்தான் கெடுத்தேன். எனக்க கிட்னிய எடுத்து அவியளுக்கு வையுங்க. ரெண்டையும் எடுத்தாலும் செரி." அதெல்லாம் இப்போதே பேச வேண்டாம், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று ஆதிரா சொல்லிப் பார்த்தாள். லீலாபாய் தினமும் வந்து நின்றாள்.

அடுத்த வாரம் எண் இறங்கியது. லேசாக அல்ல, ஒரேயடியாக. மறுபடி பார்த்தார்கள், இன்னும் இறங்கியிருந்தது. மூத்திரம் தாராளமாகப் போயிற்று. ஆதிரா சீட்டை ஆட்டிக்கொண்டே வந்தாள். "மாமா, கூவல் நின்னாச்சு! உள்தோல் வளருது. இனி மிஷின் வேண்டாம்."

பொன்னுதாஸ் அடித்த சத்தத்தில் வார்டுக்கு வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் கை தட்டினார். லீலாபாய் கஞ்சிப் பாத்திரத்தோடு அப்போதுதான் உள்ளே வந்தாள். சந்தோஷச் செய்தியை நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆதிராவைப் பார்த்தாள்.

"டாக்டரே, எனக்கு சமாதானம் பறயாதிய. வடு விழுந்திருக்கும்னு நீங்கதான சொன்னிய."

"சொன்னேன். அதான் எனக்கும் புரியேல்ல. தினமும் ஒரு கிளாஸ்னா இவ்வளவு வேகமா ஆறாது. மைக்ரோஸ்கோப்புல பாத்தப்பவும் நான் நெனச்ச அளவு பரல் இல்ல. கணக்கு எங்கயோ இடிக்குது."

"கணக்கொண்ணும் இடிக்கல்ல" என்றாள் லீலாபாய். குரல் உடைந்தது. "நெறைய நெறைய ஒரு கிளாஸ். ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிப்பாவோ, நான் குடுத்தேன்னு. பின்னயும் கெடும் டாக்டரே. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்குக் கெடும். எனக்கதை எடுத்து வச்சிருங்க, உங்களுக்கு புண்ணியமாப் போவும்." பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆதிராவின் காலைத் தொடக் குனிந்தாள்.

பொன்னுதாஸால் அதைப் பார்க்க முடியவில்லை. கிட்னி போனால் போகட்டும், திரும்பி வந்தால் வரட்டும், இந்த மனுஷி இப்படிக் குனியக்கூடாது. ரகசியத்தைச் சொல்லிவிடத் தீர்மானித்தார். மூன்று பேருக்குள் இருக்கட்டும் என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல நினைத்தார். குரல் தாழ்ந்த வரைக்கும், வார்டின் கடைசிக் கட்டிலுக்கு மட்டும் கேட்டிருக்காது.

"எட்டி, நான் பாதிதான் குடிச்சேன்!"

லீலாபாய் குனிந்த இடத்தில் அப்படியே நின்றாள்.

"பாதிதான். நீ தோசை திருப்பப் போவுதது வரை காத்திருந்து, மிச்சப் பாதிய வெளிய ஊத்தினேன். ஒவ்வொரு நாளும். உன்னாண, சத்தியமாக்கும்."

ஆதிராவின் முகத்தில் கணக்கு நேரானது தெரிந்தது. "அதாக்கும்!" என்றாள். "அந்தப் பாதிதான் மாமா உங்க கிட்னிய மிச்சம் வச்சது. முழுசும் குடிச்சிருந்தா இப்போ நான் வேற வர்த்தமானம் பேசிட்டிருப்பேன்."

லீலாபாய் நிமிர்ந்தாள். கண்ணில் நீர் நின்றது நின்றபடியே இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் வேறு ஏதோ எழும்பி வந்தது. பொன்னுதாஸ் பல நாளாகப் பார்க்காத ஒன்று.

"எங்க ஊத்தினிய?"

"முன்னறை ஜன்னல் வழி."

"ஜன்னலுக்கு அங்கோட்டா?"

"ம்."

"அங்கயாக்கும் எனக்க கறிவேப்பிலை நின்னது!"

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பெருங்கடவிளைச் சந்தையில இருந்து தூக்கிச் சொமந்து கொண்டுவந்து நட்டேன். கரிஞ்சு போச்சு. பின்ன ஒண்ணு நட்டேன். அதும் கரிஞ்சு போச்சு. மண்ணு கொள்ளாதுன்னு புது மண்ணு கொட்டினேன். கார்த்தியாயினிக்க கோழி கொத்துதுன்னு அவகிட்ட சண்டை பிடிச்சு ஒரு மாசம் பேசாம இருந்தேன். சாம்பல் போட்டேன், சாணி போட்டேன், எறும்புப் பொடி போட்டேன். பக்கத்துல நின்னு, 'பாவம் செடி, என்னமோ நோவு' அப்படின்னு என்கிட்ட கள்ளம் பறஞ்ஞ மனுசன் ஆரு? முன்னால நின்னு குடிச்சாச்சு குடிச்சாச்சுன்னு மூஞ்சியச் சுளிச்சுக் காட்டினது ஆரு? வேண்டாம்னு ஒரு வாய் சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? ஊரெல்லாம் கேக்க பேசத் தெரியும், எனக்க மூஞ்சியப் பாத்து இது புளிக்குதுட்டின்னு சொல்ல நாக்கு இல்லாம போச்சா? பதினெட்டு வயசுல வந்தவ நான்! ஜெபத்துல குறட்டை விட்டிய, பொறுத்தேன். தலையணையில கிரீஸத் துடைச்சிய..."

ஆரம்பம் முடிந்து நடுப்பகுதிக்கு வந்திருந்தாள். ஆதிரா கமுக்கமாக அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். பொன்னுதாஸ் தலையணையில் சாய்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். தெளிவாகக் கேட்டது. சிரிப்பு வந்தது, சிரித்தால் இன்னும் நீளும் என்று தெரியும், ஆகையால் சிரித்தார். அவருக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்ததாக நர்ஸ் வந்து சொன்னாள். லீலாபாய் அவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முடிவுப் பகுதியை முழுசாக முடித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, கஞ்சிப் பாத்திரத்தைத் திறந்தாள். ஒரு கரண்டி எடுத்தாள். அவருக்குத்தான் வருகிறது என்று பொன்னுதாஸ் வாயைத் திறந்தார்.

லீலாபாய் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்று எடுத்தாள். அதுவும் அவள் வாய்க்குத்தான் போயிற்று. திட்டித் தீர்த்ததில் அவளுக்குப் பசித்துவிட்டது. பாத்திரம் காலியாகும் வரை பொன்னுதாஸ் வாயைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்; தனக்குக் கஞ்சி வேண்டுமென்று கேட்கவே இல்லை.